இரண்டு வகுப்புகள், ஒரே பாடம்: ஆங்கிலம் எழுதக் கற்பிப்பதில் ஒரு சிக்கல்

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளித்து வருகிறேன். காலையில் வருபவர்கள் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதவிருக்கும் மாணவர்கள். மாலையில் வருபவர்கள் புலம்பெயர்ந்து வந்து வேலை செய்பவர்கள். இரு வகுப்பிலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற கட்டுரை வடிவத்தையே கற்பித்தேன். மாலை வகுப்பில் வருகை குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் திருத்தித் தந்தும், அடுத்த வாரம் அவையே திரும்பி வருகின்றன. எதை மாற்றவேண்டும்?

மறுமொழி 1:
மாலை வகுப்பினர் கட்டுரை எழுதப்போவதில்லை. விடுப்புக் கேட்டு மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல், வேலையிடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால் ஒரு விபத்து அறிக்கை, இவைதாம் அவர்களுக்கு வேண்டியவை. மாதிரி அறிக்கை ஒன்றை எடுத்து, எது முதலில் சொல்லப்படுகிறது, வினைகள் எந்தக் காலத்தில் வருகின்றன, எழுதியவர் தம் கருத்தை ஏன் தவிர்த்திருக்கிறார் என்று சேர்ந்து பாருங்கள். பிறகு வகுப்பே கூடிக் கரும்பலகையில் ஒன்றை எழுதட்டும். தனியாக எழுதுவது அதற்கும் பிறகுதான். எழுத்தின் வகையை (மின்னஞ்சல், அறிக்கை போன்றவை) முன்வைத்துக் கற்பிக்கும், 1980களில் சிட்னியில் உருவான வகைமைசார் கற்பித்தல் முறையின் அடிப்படை இதுவே. தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரியாதவர் எவரேனும் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். அவருக்கு வேண்டியது வேறு வகுப்பு.

மறுமொழி 2:
சிவப்பு மையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலக்கணத் திருத்தம் பயனற்றது, கைவிடப்படவேண்டியது என்று 1996இல் மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் எழுதினார்; அது அவசரமான முடிவு என்று 1999இல் மற்றோர் ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் மறுத்தார். ஃபெரிஸ் காட்டிய வேறுபாடு எனக்கு மிகவும் உதவியது. எழுவாய்க்கும் வினைக்குமான இயைபு போன்றவற்றுக்கு விதி உண்டு. அடிக்கோடிட்டுக் காட்டினால் மாணவரே திருத்திக்கொள்வார். பொருந்தாத சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு விதி ஏது? அங்கே நாம்தான் சரியான சொல்லை எழுதித் தரவேண்டும். ஒரு தாளில் இரண்டு வகைப் பிழைகளுக்கு மேல் நான் தொடுவதில்லை.

மறுமொழி 3:
காலை வகுப்பை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாம் பணியான கட்டுரைக்கு 40 நிமிடங்களில் குறைந்தது 250 சொற்கள் எழுதவேண்டும் என்பதால், வரைவுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. முதலில் நேரக்கட்டுப்பாடின்றி எழுதித் திருத்தப் பழகியவர்களுக்கே கடிகாரம் பிற்பாடு தொல்லை தருவதில்லை. ஆனால் அந்தத் தேர்வு சொந்த அறிவையும் அனுபவத்தையும் வைத்தே வாதிடச் சொல்கிறது, பல்கலைக்கழகமோ பிறர் எழுதியதைப் படித்து, சுருக்கி, மேற்கோள் காட்டி எழுதக் கேட்கும். தேர்ச்சி பெற்றவரும் அங்கே திணறுவது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சென்ற மாதம் எழுதியவற்றைக் கொண்டுவாருங்கள் என்று நேற்று மாலை வகுப்பில் கேட்டேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை கைப்பேசிக் குறுஞ்செய்திகள். மேலாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் மரியாதையை எவ்வளவு சுருக்கலாம் என்பதை யாரேனும் பாடமாக நடத்தியிருக்கிறீர்களா?