சிவனொளிபாதமலை: இரவு மழையில் பிள்ளைகளோடு ஏறலாமா?

வவுனியாக்காரன்:
சித்திரை லீவுக்குக் குடும்பத்தோடு சிவனொளிபாதமலை ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்க்க இருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகன், 8 வயது மகள், 64 வயது அம்மா. ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய்ச் சேர எப்படியும் இரவு எட்டு மணியாகிவிடும். அறை எடுத்துப் படுத்தால் நடுச்சாமத்தில் எழும்பப் பிள்ளைகள் பஞ்சிப்படுவார்கள், அதனால் போன கையோடு பைகளை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கிவிடலாம் என்பது என் யோசனை. ஆனால் அந்தப் பக்கம் பின்னேரமானால் மழையாம். உங்களுக்கு விசரா என்கிறா மனைவி. மழைக்குள் ஏறியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரன்:
அண்ணா, எட்டு மணிக்கு ஏறினால் ஒரு மணிக்கெல்லாம் உச்சியில் நிற்பீர்கள். சூரியன் ஆறு மணிக்குத்தான் வரும். அந்த ஐந்து மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

ஏறும்போது மழை பெரிதாகத் தெரியாது, உடம்பு சூடாக இருக்கும். உச்சி 2,243 மீட்டர், காற்று சும்மா விடாது. நான் ஒரு தடவை இதே மாதிரி அவசரப்பட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நேரத்தோடு போய்விட்டேன். மழைக்கோட்டுக்கு வெளியே மழை, உள்ளே வியர்வை, இரண்டும் சேர்ந்து பனியன் வரை நனைந்துவிட்டது, மேலே ஒதுங்கும் இடத்திலோ கால் வைக்க இடமில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அவளை மடியில் வைத்திருந்தேன், பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பையில் மாற்றுச் சட்டை இருந்தது, அதுவும் நனைந்து போயிருந்தது!

அதனால் ஆளுக்கு ஒரு சோடி உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அதற்குப் பிறகு முதுகுப்பைக்குள் வையுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற கடையில் நின்று மாற்றிக்கொண்டு மேலே போங்கள். கோயிலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், ஈரக் கல்லில் வெறுங்கால் விறைத்துவிடும். ஒரு துவாயும் உலர்ந்த காலுறையும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, சித்திரை மழை பெரும்பாலும் பின்னேரம் இடி மின்னலோடு வந்து கொட்டிவிட்டு நடுச்சாமத்துக்குள் ஓய்ந்துவிடும். அறையில் படுத்துவிட்டு பன்னிரண்டரை, ஒரு மணிக்குக் கிளம்புங்கள். இடி முழங்கும்போது மட்டும் ஏறவே வேண்டாம்.

ஐந்தாம் தடவை:
அட்டைக் கடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. படியை விட்டுப் புல்லுக்குள் இறங்காவிட்டால் பெரிய தொல்லை இல்லை, காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வைகாசியில் வருகிற வெசாக் போயா வரைதான் சீசன். அதுவரை வழி நெடுக லைட் எரியும், தேத்தண்ணிக் கடைகளும் விடிய விடியத் திறந்திருக்கும். வெசாக் முடிந்தால் தென்மேற்குப் பருவமழை, இருட்டு, மூடிய கடைகள். அப்போது பிள்ளைகளோடு போவதை நினைக்கவே வேண்டாம். சீசனிலும் கரண்ட் போகலாம், ஆளுக்கொரு டோர்ச் கட்டாயம்.

போயா இரவைத் தவிர்த்துவிடுங்கள். கடைசிச் செங்குத்துப் படிகளில் வரிசை நகராது, நனைந்தபடி நிற்பதுதான் மிச்சம்.

மெதுநடை அக்கா:
தோட்டத்துக்காரத் தம்பி சொல்வது பிள்ளைகளுக்குச் சரி, 64 வயது அம்மாவுக்குச் சரிவராது. ஐயாயிரத்துக்கு மேல் படிகள் என்பார்கள், ஒரு மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் போக வேண்டும் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். நாங்கள் மாமியோடு ஒன்பது மணிக்கே, லேசான தூறலில் தொடங்கினோம். கடைக்குக் கடை இருந்து, ஒரு கடையில் தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் அங்கேயே வாங்கில் இரண்டு மணி நேரம் படுத்தார்கள், கடைக்காரர் ஒரு சாக்கைக் கூடப் போர்த்திவிட்டார். இறங்கி வருகிறவர்கள் 'கருணாவாய்' என்று வாழ்த்திக்கொண்டு போவார்கள், நாங்களும் சொன்னோம். யாத்திரை வந்த யாரோ வழக்கப்படி வழி நெடுகக் கட்டிவிட்ட வெள்ளை நூல் மழையில் கைப்பிடியோடு ஒட்டிக்கிடந்தது, அதைப் பார்த்துப் பார்த்தே மகன் ஏறினான்.

முழங்காலுக்கு வினை ஏறும்போது அல்ல, நனைந்த படியில் இறங்கும்போது. அம்மாவுக்கு ஒரு பொல்லு கொண்டுபோங்கள். அவவின் பையை நீங்கள் தூக்குங்கள். முடியாவிட்டால் ஜப்பானியர்கள் கட்டிய சமாதானத் தூபியோடு நிறுத்திவிடலாம், அது தொடக்கத்திலேயே வந்துவிடும்.

வவுனியாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அறை எடுப்பது என்று முடிவு, மனைவிக்குப் பெரிய சந்தோஷம். பதினொன்றுக்குக் கிளம்பி அக்கா சொன்ன மாதிரி இருந்து இருந்து ஏறப் பார்க்கிறோம், உடுப்புக்குப் பொலித்தீன் பை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் தூபி வரைக்கும் போதுமே என்று சொல்லிப் பார்த்தேன். "ஏலாட்டி நீங்கள் அங்கே இருங்கோ, நான் மேலே போய் மணி அடிச்சிட்டு வாறன்" என்கிறா.