31 அங்குல டயர், டேப்பில் 30.4தான் வருகிறது. எது நிஜ அளவு?

கரட்டுப்பாதை எழுதியது:

என் ஜீப்பில் இப்போது இருப்பது கம்பெனி டயர், 235/75 ஆர்15 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்). ரிம் அகலம் 7 அங்குலம். 31×10.50 ஆர்15 (விட்டம் 31, அகலம் 10.5 அங்குலம்) போடலாம் என்று இருக்கிறேன். நண்பர் வண்டியில் அதே அளவு டயர் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி நிறுத்தி டேப் வைத்தால் 772 மி.மீ., அதாவது 30.4 அங்குலம்தான். அகலமும் 10.5 வரவில்லை. பாறைப் பாதையில் டிஃப்ரன்ஷியல் (அச்சின் நடுவில் கீழே தொங்கும் கியர் உருண்டை) தட்டாமல் போக வேண்டும், அதற்காகத்தான் மாற்றுவதே. எந்த அளவை நம்பி வாங்குவது? காற்றைக் குறைத்தால் இந்த உயரமும் போய்விடுமா?

டேப்பும் சாக்பீஸும் எழுதியது:

டயரில் அச்சிட்டிருப்பது ஒரு வகைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 33 என்று எல்லோரும் கூப்பிடும் டயர்களையே பாருங்கள். கணக்குப் போட்டால் 255/85 ஆர்16 டயருக்கு 840 மி.மீ., 285/75 ஆர்16க்கு 834, 285/70 ஆர்17க்கு 831. 33 அங்குலம் என்பது சரியாக 838. இதெல்லாம் தாளில் வருகிற அளவு. டயருக்கு டயர் வார்க்கும் அச்சும் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) ஆழமும் வேறு என்பதால் நிஜத்தில் இன்னும் மாறும்.

நண்பரின் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டன் 5 மி.மீ. தேய்ந்திருந்தால் விட்டத்தில் 10 மி.மீ. போயிருக்கும். தேய்ந்த டயரையும் புது டயரையும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

நான் மூன்று அளவு எடுப்பேன். கழற்றி நிறுத்திய விட்டம் ஒன்று. வீல் ஆர்ச்சில் (சக்கரத்துக்கு மேலே பாடியில் உள்ள வளைவு) இடிக்குமா என்பதற்கு அது போதும். உங்கள் கேள்விக்கு முக்கியமானது இரண்டாவது: வண்டி தன் முழு எடையோடு தரையில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுவிலிருந்து தரை வரை உள்ள உயரம். டிஃப்ரன்ஷியலைத் தூக்குவது அதுதான். இதைச் சாமான் ஏற்றிய வண்டியில், சமதளத்தில், காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு எடுங்கள். உங்கள் பழைய டயருக்குக் கணக்கு 733 மி.மீ. 772க்கு மாறினால் விட்டம் 39 கூடும், டிஃப்ரன்ஷியலுக்குக் கீழே கிடைப்பது அதில் பாதி, 19 அல்லது 20. தாளில் உள்ள 31 அங்குலத்தை, அதாவது 787ஐ நம்பினால் 27 என்று எதிர்பார்ப்பீர்கள். பாறை மேல் அந்த 7 மி.மீ. நிஜமான வித்தியாசம்.

மூன்றாவது, உருட்டல் நீளம். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி, ஒரு சுற்று முடிந்ததும் தரையில் அளக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்டும் என்பது இதில் தெரியும். 772க்குப் போனால் மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 84ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

காற்றைக் குறைத்தால் இரண்டாவது அளவு நன்றாகவே இறங்கும். உருட்டல் நீளம் அவ்வளவாக மாறாது; ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை நீளவோ சுருங்கவோ செய்யாது. ஆக, பாதையில் ஓட்டப்போகும் அழுத்தத்திலேயே உயரத்தை அளங்கள். உயரம் கொஞ்சம் போனாலும் தரையில் பதியும் நீளம் கூடி, பிடிப்பு கிடைக்கும். நான் அந்தப் பிடிப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மேட்டுவழி எழுதியது:

அகலத்துக்குப் பதில் உங்கள் ரிம்மிலேயே இருக்கிறது. 10.50 என்பது பக்கச்சுவர் முதல் பக்கச்சுவர் வரை, அதுவும் 8.5 அங்குல ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். 7 அங்குல ரிம்மில் 267 மி.மீ. டயர் 252 பக்கம் வந்து நிற்கும். தரையில் படும் ட்ரெட் அகலம் அதைவிடக் குறைவு.

கரட்டுப்பாதை எழுதியது:

நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். நண்பர் டயரில் பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்துதான் இருக்கிறது. அப்படியென்றால் புது டயர் 780ஐத் தாண்டும் போல. ஆர்ச்சில் இடிக்குமே?

டேப்பும் சாக்பீஸும் எழுதியது:

நேராக நிறுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது. நண்பர் சக்கரத்தை உங்கள் வண்டியில் மாட்டி, ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி சஸ்பென்ஷனை முழுசாக அமுக்குங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடியுங்கள். முதலில் உரசுவது பெரும்பாலும் டயரின் தோள்பட்டைதான், உச்சி இல்லை. அங்கே ஒரு விரல் இடைவெளிக்குமேல் இருந்தால் புது டயரும் போகும். அப்புறம், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். நான்கு சக்கர டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் உருட்டல் நீளம் மாறினால் முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் இழுபடும்.