130 வாட் லேப்டாப்பில் 65 வாட் சார்ஜர்: ஆமை வேகம், சார்ஜும் ஏறவில்லை

நெல்லைப் பொடியன்:
பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் என் சார்ஜரைச் சென்னை அறையிலேயே விட்டுவிட்டேன். அது 130 வாட் (19.5 வோல்ட், 6.67 ஆம்ப்). வீட்டில் தங்கையின் 65 வாட் சார்ஜர் இருக்கிறது. அதுவும் 19.5 வோல்ட், ஆனால் 3.34 ஆம்ப். இரண்டும் ஒரே கம்பெனி, முனையும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

செருகி ஆன் செய்தால் சார்ஜரின் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. பேட்டரி 41 சதவீதத்திலேயே நிற்கிறது. வேகமோ 0.79 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை, ஒரு கோப்பு திறக்கவே ஒரு நிமிடம். சார்ஜரைப் பிடுங்கினால் சரசரவென ஓடுகிறது! திங்கள் வரை ஓட்டியாக வேண்டும். மதர்போர்டு போய்விடுமா?

மதுரைவாசி:
வோல்ட் ஒன்றுதானே, பயப்படாதீர்கள். ஆம்ப் குறைந்தால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

சால்டரிங் மாமா:
பாதி சரி. வோல்ட்டைத் தீர்மானிப்பது சார்ஜர், ஆம்பைத் தீர்மானிப்பது லேப்டாப். அதனால் சார்ஜரால் எவ்வளவு தாங்க முடியும் என்று லேப்டாப்புக்குத் தெரிந்தாக வேண்டும். உங்கள் முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும், பாருங்கள். சார்ஜருக்குள் இருக்கும் சின்ன சிப் "நான் 65 வாட்" என்று அதன் வழியாகத்தான் சொல்லும். 65 என்று தெரிந்திருந்தால் எச்சரிக்கையிலேயே அந்த எண் வந்திருக்கும். உங்களுக்கு அந்தச் சேதியே போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் லேப்டாப் பயந்து தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. தம்பி, பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் சார்ஜர் வகை என்ன காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கோவை டெக்கி:
வேகத்தைப் பூட்டும் அந்த சிக்னலையே அணைத்துவிட இலவச மென்பொருள் இருக்கிறது. போட்டால் உடனே பறக்கும்.

சால்டரிங் மாமா:
தயவுசெய்து வேண்டாம். பூட்டை எடுத்துவிட்டால் 65 வாட் சார்ஜரிடம் 130 வாட் வேலை கேட்கும். நல்ல சார்ஜர் என்றால் தானே அணைந்து தப்பிக்கும். மட்டமானது கொதிக்கும். அந்த வாசனையை நான் நிறைய முகர்ந்திருக்கிறேன்.

தஞ்சைத் தம்பி:
யூஎஸ்பி-சி போர்ட்டில் சார்ஜ் ஏறுமா? ஏறும் என்றால் 65 வாட் பிடி (பவர் டெலிவரி, யூஎஸ்பி-சி வழியாக வேகமாகச் சார்ஜ் ஏற்றும் முறை) சார்ஜர் 20 வோல்ட் தரும். ஆனால் சாதாரண கேபிள் 3 ஆம்ப்தான் கடத்தும், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்ப் கேபிள்.

நெல்லைப் பொடியன்:
என்னுடையதில் சி போர்ட் டேட்டாவுக்கு மட்டும்தான். பயாஸில் "தெரியாதது" என்றே வருகிறது. முனைக்குப் பக்கத்தில் வயரை லேசாக வளைத்தால் ஒரு நொடி "65 வாட்" என்று வந்து மறைகிறது! தங்கையிடம் கேட்டேன். அவள் லேப்டாப்பிலும் இரண்டு மாதமாக இதே எச்சரிக்கையாம். தினமும் என்டரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி.

சால்டரிங் மாமா:
அதேதான். தடித்த ப்ளஸ், மைனஸ் வயர்கள் நன்றாக இருக்கும். நடு பின்னுக்குச் சேதியைக் கொண்டுபோகும், முடி மாதிரியான மூன்றாவது வயர் உள்ளே அறுந்திருக்கிறது. லேப்டாப்பை அணைத்து வைத்தாலும் ஏறாது. வளைத்து டேப் சுற்றி ஓட்டவும் வேண்டாம், உள்ளே உரசி ஷார்ட் ஆகலாம். அக்கம்பக்கத்தில் அதே கம்பெனியின் 90 வாட் கிடைக்குமா பாருங்கள்.

நெல்லைப் பொடியன்:
எதிர்வீட்டு அண்ணனிடம் 90 வாட் கிடைத்தது. பயாஸில் 90 என்று சரியாகக் காட்டுகிறது, பேட்டரியும் ஏறுகிறது. இரவு அணைத்து வைத்தேன், காலையில் நிறைந்திருந்தது. ஆனால் வீடியோ ரெண்டர் போட்டபோது சார்ஜர் செருகியிருந்தும் 100லிருந்து 93க்கு இறங்கியது. இது பரவாயில்லையா?

சால்டரிங் மாமா:
பரவாயில்லை. போதாத வாட்டைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள், பாரம் கூடும்போது பொசுக்கென்று அணைந்துவிடும். சார்ஜரைத் தலையணை மேல் வைக்காதீர்கள், முழு நேரமும் முழு மூச்சில் ஓடுகிறது பாவம்.

நெல்லைப் பொடியன்:
நன்றி மாமா. தங்கையின் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடவா?

சால்டரிங் மாமா:
வேண்டாம். மூன்று வயருடன் முனை தனியாகக் கிடைக்கும். சென்னை போனதும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேளுங்கள். பழைய முனையை வெட்டிவிட்டுச் சால்டர் செய்ய வேண்டும். வயர் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைக்கச் சொல்லுங்கள். நடு பின்னுக்குப் போகும் வயரில் 19.5 வோல்ட் ஏறிவிட்டால் லேப்டாப்பில் அந்தச் சேதியை வாங்கும் பகுதியே போய்விடும். புதிதாகவே வாங்குவதென்றால் லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.