அடியை வெட்டினால் மரம் விழ வேண்டாமா?

நெம்புகோல்:
"மைன்கிராஃப்ட் இருக்கும்போது இயற்பியல் புத்தகம் எதற்கு? பிள்ளைகள் விளையாடியே கற்றுக்கொள்வார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பதினெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன், படித்ததும் வயிறு எரிந்தது. கனசதுரக் கட்டைகளால் உலகம் கட்டும் அந்தக் கணினி விளையாட்டில் மரத்தின் அடித்தண்டை வெட்டிப் பாருங்கள். மேல்பாதி அந்தரத்தில் அப்படியே நிற்கும். இதுவா இயற்பியல்?

செங்கல்சூளை:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். மணலையும் சரளையையும் வைத்துப் பாருங்கள், கீழே விழும். அரை மணி நேரம் விளையாடிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

நெம்புகோல்:
மணல் விழும், மரம் விழாது, பாறை விழாது. புவியீர்ப்பு ஆள் பார்த்தா வேலை செய்யும்? ஒரு கட்டை என்றால் ஒரு கன மீட்டர். அவ்வளவு தங்கம் நிஜத்தில் 19 டன்னுக்கு மேல் இருக்கும். அதில் 64 கட்டைகளைப் பையின் ஒரே கட்டத்தில் போட்டுக்கொண்டு விளையாட்டில் வரும் ஆள் துள்ளிக் குதிக்கிறான். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு நான் நிறை, எடை என்று என்ன சொல்லிப் புரியவைப்பது? அதெல்லாம் இருக்கட்டும், முதலில் மரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி:
சார், நானும் ஆசிரியைதான். அந்தத் தப்பையே நான் பாடமாக்கினேன். விளையாட்டுக்குள் 20 கட்டை உயரத்தில் ஒரு மேடை. ஒருவன் குதிக்க, மற்றவர்கள் ஸ்டாப்வாட்ச் பிடித்தார்கள். ஒன்றேகால் நொடிக்குப் பக்கத்தில் வந்தது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று போட்டுக் கணக்கிட்டால் 2 நொடி வர வேண்டும். "மிஸ், அப்போ இங்கே ஈர்ப்பு மூன்று மடங்கா?" என்று கடைசி பெஞ்ச் பையன் கேட்டான். அதுவரை அந்தச் சூத்திரத்தை அவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

நெம்புகோல்:
அப்படியானால் கற்றுக்கொடுத்தது நீங்கள். விளையாட்டு இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் அந்தப் பையன் தொங்கும் மரத்தைப் பார்த்து அதுதான் சரி என்று பழகியிருப்பான்.

சுண்ணாம்புக்கட்டி:
ஆய்வகத்தில் ஊசல் தொங்கினால் மட்டும் அது தானாகப் பாடம் நடத்துமா? அதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டாமா?

நெம்புகோல்:
ஊசல் உண்மை பேசும். மரம் பொய் பேசுகிறது.

இரவுக்கோட்டான்:
ரெட்ஸ்டோனை, அதாவது அந்த விளையாட்டில் மின்கம்பி போல சிக்னல் கடத்தும் பொடியை, எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சிக்னல் 15 கட்டை வரைதான் ஓடும், அப்புறம் சிக்னலுக்கு மறுபடி பலம் கொடுக்க ரிப்பீட்டர் வைக்க வேண்டும். கணினிச் சுற்றுகளுக்கு அடிப்படையான ஆண்ட், ஆர், நாட் லாஜிக் கேட் எல்லாம் எனக்குப் புரிந்தது அதில்தான், கல்லூரியில் இல்லை.

நெம்புகோல்:
அதில் மின்தடை எங்கே? ஓம் விதி எங்கே? தம்பி, கம்பியைத் தொட்டுப் பார்க்காமல் சர்க்யூட் வராது.

இரவுக்கோட்டான்:
லாஜிக்குக்கு ஓம் விதி எதற்கு? போன மாதம் கால்குலேட்டர் விவாதத்திலும் இதையே செய்தீர்கள். நாற்பது பதிவு போட்டு ஒவ்வொருவராக விரட்டினீர்கள்.

நெம்புகோல்:
கால்குலேட்டர் விஷயத்தில் நான் சொன்னது இன்றும் சரி. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பொத்தானைத் தேடுகிறார்கள். அன்றைக்கு ஒருவரும் மறுக்கவில்லை, நழுவிப் போனீர்கள்.

இரவுக்கோட்டான்:
நழுவவில்லை, அலுத்துப் போனோம்.

தாள்சுருள்:
இது புதுச் சண்டையும் இல்லை. 1971லேயே அமெரிக்காவின் மினசோட்டாவில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக 'ஓரிகன் டிரெயில்' விளையாட்டை நண்பர்கள் இருவருடன் சேர்ந்து உருவாக்கினார். வண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பக்கம் குடியேறப் போன பயணிகளின் கதை அது. திரைகூடக் கிடையாது, காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரத்தில் தட்டி ஆட வேண்டும். பின்னாளில் அந்தப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, வழியில் வரும் ஆபத்துகளின் வாய்ப்பையும் அதற்கேற்ப மாற்றினார். ஆசிரியரே செய்த விளையாட்டு அது.

நெம்புகோல்:
நல்லது. நாட்குறிப்பைப் படித்துத் திருத்தினார் அல்லவா? இங்கே மரத்தை யார் திருத்தினார்கள்?

செங்கல்சூளை:
மரம், மரம், மரம்! நான் புத்தகத்தைப் பற்றி எழுதினேன். பதினெட்டு வருடம் நடத்தியவர் அதற்கு ஒரு வரி பதில் சொல்லவில்லை.

நெம்புகோல்:
என் அனுபவத்தை இழுக்காதீர்கள். மூன்று மணி நேரமாகக் கேட்கிறேன், மரம் ஏன் விழவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

சுண்ணாம்புக்கட்டி:
நான் சொல்லிவிட்டேன் சார். மேலே போய்ப் படியுங்கள்.

நெம்புகோல்:
படித்தேன். நீங்கள் சொன்னது குதித்த பையனைப் பற்றி. நான் கேட்டது மரத்தைப் பற்றி.