195 கிலோவும் ஒற்றை ஆளும்: வீட்டு முற்றத்தில் பைக் தூக்கிய அனுபவங்கள்

கொக்குவிலிலிருந்து

மாரி விட்ட கையோடு என் றோயல் என்பீல்ட் கிளாசிக் 350 பைக்கின் பின்சில்லைக் கழற்றி, செயினையும் பிரேக் சூவையும் பார்க்க இறங்கினேன். முற்றத்தில் வேப்பமர நிழல் நன்றாக இருந்தது. மேல்மண் காய்ந்து தெரிந்ததால் உள்ளே ஈரம் இருக்கும் என்று நினைக்கவில்லை. டபுள் ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பத்து வயது மகன் இடப்பக்கம் குந்தியிருந்து ஸ்பானர் எடுத்துத் தந்தான்.

அச்சு நட்டு இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி, உடம்பைக் கொடுத்து இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஸ்ராண்டின் இடக்கால் செம்மண்ணுக்குள் இறங்கியது. முதலில் கண்ணாடி சாய்ந்தது தெரிந்தது, பிறகு முழு பைக்கும் வந்தது. மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் நட்டுகளைப் பரப்பி வைத்திருந்த பழைய பேப்பரைக் கிளச் லீவர் குத்திக் கிழித்துக்கொண்டு மண்ணில் நின்றது. நான்கு மூட்டை சீமெந்துக்குக் கிட்டிய பாரம் அது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பக்கத்து வீட்டு ஐயா முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். வந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, நட்டை ஏன் மேலை ஏத்திப்போட்டு இளக்கினனீர்?" இரண்டு சில்லும் நிலத்தில் இருக்கும்போதே இறுகிய நட்டுகளை எல்லாம் ஒரு சுற்று இளக்கிவிட வேண்டும். ஸ்ராண்டில் ஏற்றிய பிறகு பலம்போட்டு இழுக்கிற வேலையே இருக்கக்கூடாது. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏற்றுவதையும் அவரே காட்டித் தந்தார். நான் இவ்வளவு காலமும் பின்கம்பியைப் பிடித்து, நாரியைக் கொடுத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். "கையாலை தூக்காதையும். காலாலை ஏறி நில்லும்" என்றார். ஸ்ராண்டை மெல்ல மிதித்து, பைக்கைச் சற்று இப்படி அப்படி அசைத்தால் இரண்டு கால்களும் ஒன்றாக நிலத்தில் முட்டுவது பாதத்தில் தெரியும். அது தெரிந்த பிறகுதான் வலக்காலில் முழு உடம்புப் பாரத்தையும் போட வேண்டும். கைக்கு நேராகப் பிடிக்கிற வேலை மட்டும்தான். பைக் தானாக ஏறிப் பின்னுக்குப் போகிறது.

ஏறியதும் முன்பிரேக் லீவரைப் பழைய ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டுகிறேன். முன்சில்லு உருண்டால் டபுள் ஸ்ராண்ட் மடங்கிவிடும் என்பதால்தான் அது. சீமெந்து நிலம் இல்லாவிட்டால் இரண்டு கால்களுக்கும் அடியில் ஒரே நீளப் பலகை போட வேண்டும். தனித்தனித் துண்டு வைத்தால் ஒன்று இறங்கி மற்றது நிற்கும். அப்புறம் பின்கம்பியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்ப்பேன். விழுகிறதென்றால் அப்போதே விழட்டும், நான் கீழே கை வைத்த பிறகு வேண்டாம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். ஒருவருக்காவது உதவும்.

வடமராட்சியிலிருந்து

எங்களுக்கு எங்கும் மணல். என் பைக்கில் டபுள் ஸ்ராண்டும் இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருப்பதை விற்று வேறு வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் வீட்டில் செய்யப் பழகினேன்.

முதலில் கார் ஜக்கை இஞ்சினுக்கு அடியில் வைத்துத் தூக்கினேன். ஜக்கின் தலை உருண்டை, இஞ்சினின் அடி வழுவழுப்பு. அரை அடி உயர்ந்ததும் வழுக்கி, ஒயில் நட்டு இருக்கும் இடத்தில் இடித்தது. அங்கே வெடித்திருந்தால் இஞ்சினே போயிருக்கும். ஜக் வைப்பதென்றால் சட்டத்தின் குழாய்களுக்குக் குறுக்கே தடித்த மரக்கட்டை வைத்து, அதற்குக் கீழேதான் வைக்க வேண்டும். அடியில் சட்டக் குழாய் இல்லாத பைக்குகளுக்கு இந்த வழியே வேண்டாம்.

பிறகு நெல்லியடியில் ஒரு வெல்டிங் கடையில் பின்சில்லுத் தூக்கி ஒன்று அடித்து எடுத்தேன். 150 கிலோ பைக்கென்றால் பின்பக்கம் ஏறத்தாழ 75 கிலோ. கைபிடிப் பக்கம் தூக்கும் பக்கத்தைவிட நாலு மடங்கு நீளம் என்றால் இருபது கிலோவுக்கும் குறைவாக அழுத்தினால் போதும். ஆனால் பைக் நேராக நிற்கும்போதுதான் அது வேலை செய்யும். என் மனைவி முன்னால் நின்று ஹான்டிலைப் பிடிக்காமல் நான் அதைத் தொடுவதில்லை. கொட்டிலின் பனை வளையிலிருந்து நைலோன் கயிறு ஒன்றும் தொங்கவிட்டுச் சட்டத்தில் கட்டுகிறேன். அது தூக்குவதற்கு அல்ல, சரிந்தால் தாங்குவதற்கு.

சாவகச்சேரியிலிருந்து

பின்சில்லு அந்தரத்தில் நிற்கும்போது இஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்காதீர்கள். துணி செயினோடு போகும், துணியோடு விரலும் போகும். என் நண்பருக்கு நடுவிரலின் நுனி இல்லை. நியூற்றலில் வைத்து, கையால் சில்லைச் சுற்றுங்கள்.

மானிப்பாயிலிருந்து

என்னிடம் இருப்பது அப்பாவின் ஹொண்டா சீடி 200 பைக். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. புகை மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அப்பா போன பிறகு அதை நான்தான் பார்க்கிறேன். என் எடை 52 கிலோ.

போன வருடம் கொட்டிலுக்குள் பின்னுக்குத் தள்ளும்போது வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. பிடித்து நிறுத்தப் பார்க்காமல் விட்டுவிட்டு விலகினேன். அது சரியான முடிவு என்று இன்றும் நம்புகிறேன். கீறல் விழலாம், கால் முறியக்கூடாது.

முதலில் சாவியை நிறுத்தி, பெற்றோலைப் பூட்டினேன். வலப்பக்கம் விழுந்ததால் சைட் ஸ்ராண்டை முன்கூட்டியே விரித்துவிட்டேன், இல்லாவிட்டால் நிமிர்த்தும் வேகத்தில் மறுபக்கம் போய் விழும். முதல் கியரில் போட்டேன். பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீற்றின் விளிம்பில் இடுப்பை முட்டக்கொடுத்து, ஒரு கையால் கீழே கிடந்த ஹான்டில் பிடியையும் மறுகையால் பின்கம்பியையும் பிடித்தேன். முதுகை வளைக்காமல் காலை மட்டும் உதைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடந்தேன். பாதியில் நின்று மூச்சு வாங்கக்கூட முடிந்தது.

நிமிர்த்தியதும் பற்றரியைப் பாருங்கள். பழைய பற்றரியென்றால் அமிலம் ஒழுகியிருக்கும். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே துணியால் தொட்டேன்.

கொக்குவிலிலிருந்து

மானிப்பாய் அக்கா, முதுகைக் கொடுத்து நிமிர்த்தும் முறையை நேற்று மனைவியோடு சேர்ந்து பழைய சாக்கு விரித்துச் செய்து பார்த்தேன். வந்தது, நன்றி. இப்போது பலகை கொண்டுவந்து போடுவது மகனின் வேலை. நான் ஆட்டிப் பார்த்து "சரி" சொல்லும்வரை விறாந்தைப் படியில்தான் இருப்பான்.