பவுடர் ப்ளூ டாங் வருது: ஒரு மணி நேரம் சொட்டு விடணுமா, நேரா விடலாமா?

450லிட்டர்
விமானத்துல ஒரு பவுடர் ப்ளூ டாங் (நீல நிறக் கடல் மீன்) வருது, 8 செ.மீ. இருக்கும். கவருக்குள்ள குறைஞ்சது 20 மணி நேரம் இருக்கும். கடை அனுப்பின குறிப்புல, "கவரைத் திறந்து வாளியில் ஊற்றி, ஒரு மணி நேரம் சொட்டு நீர் கொடுத்த பின் தொட்டியில் விடவும்"னு இருக்கு. கடைத் தொட்டி உப்பு (தண்ணியோட ஒப்படர்த்தி) 1.019-ஆம். என் மெயின் டேங்க் 450 லிட்டர், 1.025, 26 டிகிரி. உள்ளே க்ளவுன் ஜோடி, ஒரு செயில்ஃபின் டாங். தனியா 80 லிட்டர் வெறுந்தொட்டி ஒண்ணு இருக்கு, அதுக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர் மெயின் டேங்க் சம்ப்ல (வடிகட்டித் தொட்டி) கிடந்து, கழிவை முறிக்கிற பாக்டீரியா ஏறினது. குறிப்புல சொன்னபடியே செய்யலாமா?

சொட்டுக்குழாய்
செய்யுங்க ஜி. கவரை மூடினபடியே 20 நிமிஷம் மிதக்க விட்டு சூடு சமமாகட்டும். அப்புறம் மீனையும் தண்ணியையும் வாளிக்கு மாத்துங்க. தொட்டியில இருந்து வாளிக்கு வர்ற ஏர் டியூப்ல ஒரு தளர்ந்த முடிச்சு போட்டா நொடிக்கு 2, 3 சொட்டு விழும். தண்ணி இரண்டு மடங்கானதும் பாதியைக் கொட்டிட்டு திரும்பவும் விடுங்க. பிஎச், உப்பு இரண்டும் மெதுவா மாறும். 1.019-ல இருந்து 1.025-க்குத் தூக்கிப் போட்டா எந்த மீனும் தாங்காது.

ரிஃப்ராக்டோ
கடைசி வரி சரி, மத்தது இந்த மீனுக்குப் பொருந்தாது.

20 மணி நேரக் கவர்ல மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் 7-க்கு அருகே, சில சமயம் அதுக்கும் கீழே போயிருக்கும். அதே நேரத்துல மீன் கழிச்ச அம்மோனியாவும் ஏறியிருக்கும். பிஎச் குறைவா இருக்கிறதால அதுல பெரும்பகுதி அம்மோனியம், அவ்வளவா நஞ்சு இல்லை. கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும். பிஎச் ஒரு புள்ளி ஏறினா நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். நீங்க சொட்டு விடுறதும் 8.2 பிஎச் தண்ணி. அதாவது அந்த ஒரு மணி நேரமும் மீன் தன் கழிவிலேயே, நஞ்சு கூடிக்கிட்டே போற தண்ணில நிக்குது.

இன்னொண்ணு, உங்க சொட்டுக் கணக்கு. 20 சொட்டு 1 மில்லின்னு வைங்க. நொடிக்கு 3 சொட்டுன்னா ஒரு மணி நேரத்துக்கு 540 மில்லி. கவர்ல 2 லிட்டர் இருந்தா, ஒரு மணி நேரம் கழிச்சு வாளியில உப்பு 1.0203. அங்கிருந்து 1.025-ல தூக்கித்தான் போடப் போறீங்க. எதைப் பழக்கினோம்?

சொட்டுக்குழாய்
முடிச்சைத் தளர்த்தி வேகத்தைக் கூட்டினா போச்சு. அம்மோனியாவுக்கு, அதைக் கட்டுற கண்டிஷனர் சில சொட்டு முதல்லயே வாளியில விடலாம்.

ரிஃப்ராக்டோ
கண்டிஷனர் கொஞ்சம் உதவும், ஒத்துக்கறேன். வேகத்தைக் கூட்டினா வேற சிக்கல். கடல் மீனோட உடல் நீர்ல உப்பு கடல் நீரின் மூணில் ஒரு பங்குதான். அதனால உடம்புத் தண்ணி எப்பவும் வெளியே இழுபடும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடிச்சு, செவுள் செல்கள் வழியா உப்பைத் தள்ளுது. உப்பு ஏறும்போது அந்தச் செல்கள் ஈடுகொடுக்க நாள் கணக்காகும். ஒரே மணி நேரத்துல 6 புள்ளி (0.001 ஒரு புள்ளி) ஏத்தினா உப்புல போட்ட மாங்கா மாதிரி உள்ளுக்குள்ள வத்தும். அன்னைக்கு நல்லா நீந்தும், மூணாவது நாள் காரணமே தெரியாம செத்துக் கிடக்கும். உப்பு இறங்கறதை மட்டும் மீன் சுலபமா தாங்கும்.

அதனால மீனைத் தொட்டிக்கு ஏத்த மாதிரி மாத்தாதீங்க, தொட்டியை மீனுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. 80 லிட்டரும் 1.025-ன்னா, 19-ஐ 25-ஆல வகுத்தா 0.76. ஆகவே 24 சதம், சுமார் 19 லிட்டர் எடுத்துட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. 1.019 ஆயிடும். சூட்டை 26-ல நிறுத்துங்க. மீன் வந்ததும் அறை விளக்கை அணைச்சு, கவரைத் திறக்காம 15, 20 நிமிஷம் மிதக்க விடுங்க. திறந்ததும் ஓரத்துல இருந்து ஒரு கரண்டி தண்ணி எடுத்து அளங்க. 1 புள்ளிக்குள்ள வித்தியாசம்னா உடனே மாத்துங்க. கவர் தண்ணி ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. வலை வேண்டாம், வால் அடியில கத்தி முள் இருக்கு, மாட்டிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பால மொண்டு, கையால மூடித் தண்ணியை வடிச்சு விடுங்க.

அப்புறம் நாளைக்கு 1 புள்ளி. 80 லிட்டருக்கு அது சுமார் 110 கிராம் உப்பு. வாளியில முழுசா கரைச்சுத்தான் விடணும். ஆறு நாள்ல 1.025 வந்திரும்.

450லிட்டர்
கடைக்காரர் 1.019னு சொன்னது தப்பா இருந்தா?

ரிஃப்ராக்டோ
கவர் தண்ணி சொல்றதுதான் கணக்கு. முதல்ல உங்க உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) திரவத்துல சரிபாருங்க. 25 டிகிரில 1.0264 காட்டணும். வெறும் ஆர்ஓ தண்ணில பூஜ்யம் வச்சா மேல்பக்கம் இரண்டு புள்ளி வரைக்கும் பிழை இருக்கலாம். ஒரு வாளி ஆர்ஓ, ஒரு வாளி 1.025 கலவை, இரண்டும் அதே சூட்டுல தயாரா வைங்க. கவர் 1.022 காட்டினா மீனை உள்ளே விடுறதுக்கு முன்னால, அந்த வாளிகளை வச்சு தொட்டியைச் சட்டுனு சரி பண்ணிடலாம். கவரைத் திறந்தப்புறம் நேரம் குறைவு, இதுக்காகத்தான் அனுப்புறவங்ககிட்ட அன்னைக்கு காலைல அளந்த எண்ணைக் கேட்கணும்.

சொட்டுக்குழாய்
பக்கத்துத் தெருக் கடைல வாங்கி 30 நிமிஷத்துல கொண்டு வர்ற மீனுக்கு இந்த அம்மோனியாக் கதை எதுவும் கிடையாது. பிஎச் விழுந்தே இருக்காது. அங்க சொட்டு முறை தாராளமா போதும். இறால், நட்சத்திர மீனுக்குச் சொட்டைத் தவிர வழியே இல்லை. நட்சத்திர மீனோட உடம்பு உப்பு சுத்தியிருக்கிற தண்ணியோடயே ஏறி இறங்கும்.

ரிஃப்ராக்டோ
இறாலுக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்துக் கடை மீனுக்கும் உப்பு ஒண்ணா இருந்தா சொட்டு வீண், ஒண்ணா இல்லைன்னா சொட்டு பத்தாது.

பவளத்திட்டு
இரண்டு பேரும் மீனை எந்தத் தொட்டில விடுறதுன்னே பேசலையே. பவுடர் ப்ளூ ஆக்சிஜன் நிறைய கேக்குற, நாள் முழுக்க நீந்துற மீன். நோய்த்தடுப்புன்னு 80 லிட்டர் கண்ணாடிப் பெட்டில ஒரு மாசம் அடைச்சு, காப்பர் மருந்தும் ஊத்தினா பயத்துலயே வெள்ளைப்புள்ளி நோய் வந்திரும். நேரா மெயின் டேங்க்ல, ஓட்டை போட்ட அக்ரிலிக் பழக்கப் பெட்டிக்குள்ள விடுங்க. பாறை, அலை, பாசி எல்லாம் இருக்கும். யூவி விளக்கு ஓடட்டும், நோரி (காய்ஞ்ச கடல்பாசி) நிறைய கொடுங்க. பாதி நோய் சாப்பாட்டுலயே போயிடும்.

ரிஃப்ராக்டோ
பயம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ஒட்டுண்ணியைப் பெத்துப் போடாது. கிரிப்டோகாரியான்ங்கிற ஒட்டுண்ணி மீன் மேல வந்தாத்தான் வெள்ளைப்புள்ளி. அது மீன்ல 3 முதல் 7 நாள் இருந்துட்டு கீழே விழுந்து, பாறை மணல்ல கூடு கட்டி, அதுல இருந்து நூத்துக்கணக்குல குஞ்சு நீந்தும். பெரும்பாலும் 28 நாளுக்குள்ள வெடிக்கும், சிலது 72 நாள் வரைக்கும் கிடந்திருக்கு. மெயின் டேங்க்ல ஒரு தடவை புகுந்தா எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் காலியாப் போடணும்னு சொல்றது அதனாலதான். டாங் வகைலயே இதை முதல்ல வாங்குறது பவுடர் ப்ளூ. யூவி தண்ணியோட போறதைத்தான் கொல்லும், பாறையில இருந்து கிளம்பி நேரா மீனுக்குப் போறதை இல்லை. வெள்ளைப்புள்ளியை விடுங்க, வெல்வெட்ங்கிற இன்னொரு ஒட்டுண்ணி வந்தா புள்ளி கண்ல படுறதுக்குள்ள க்ளவுனும் போயிருக்கும்.

பவளத்திட்டு
காப்பர்ல பசி செத்து, சாப்பிடாமயே போன டாங் எவ்வளவுன்னு பாத்திருக்கீங்களா? வெள்ளைப்புள்ளிக்குக் காப்பரே இல்லாத வழி இருக்கு: 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை காய வச்ச வேற தொட்டிக்கு மாத்துறது, 12 நாள்ல முடிஞ்சிரும்.

ரிஃப்ராக்டோ
அந்த முறை வெள்ளைப்புள்ளிக்கு நல்ல முறை, வெல்வெட்டைப் பிடிக்காது. பசி செத்த விஷயத்துல பாதி காரணம் வந்த அன்னைக்கே முழு அளவை ஊத்துறது. மீன் சாப்பிட ஆரம்பிச்சதும், இரண்டு மூணு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். காப்பர்ல கீலேட் (வேற சேர்மத்தோட கட்டின) வகைன்னா 2.0 முதல் 2.5 பிபிஎம், அயனி வகைன்னா 0.5. இரண்டுக்கும் அளவு வேற, கலந்து யோசிக்காதீங்க. சொட்டு கிட் நிறத்தை நம்பாம டிஜிட்டல் செக்கர்ல அளங்க. மொத்தம் 30 நாள். மணல், லைவ் ராக் (உயிர்கள் ஒட்டின பாறை) உள்ளே வேண்டாம், காப்பரைக் குடிச்சிரும். ஒளிய இரண்டு பிவிசி எல்போ போதும். முக்கியமா, காப்பர் இருக்கிற தண்ணில அம்மோனியா கட்டுற கண்டிஷனர் ஊத்தாதீங்க. காப்பரோட நச்சு திடீர்னு கூடும். அம்மோனியா ஏறினா, அதே காப்பர் அளவுல கலந்து வச்ச தண்ணியால 20 லிட்டர் மாத்துங்க. கரன்ட் போனா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம், 80 லிட்டர்ல டாங்குக்குக் காத்து சீக்கிரம் தீரும்.

450லிட்டர்
சரி, தனித்தொட்டிதான். முதல் நாள் சாப்பாடு?

பவளத்திட்டு
முதல் நாள் விளக்கே வேண்டாம். அடுத்த நாள் உப்பும் மசாலாவும் சேர்க்காத நோரியை ஒரு சின்னக் கல்லுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அடியில வைங்க. கிளிப்பை விட அதைத்தான் சீக்கிரம் கொத்தும். கூடவே உருக வச்ச மைசிஸ் (இறால் மாதிரி குட்டி உயிர்), ஒரு நாளைக்கு மூணு வேளை, மிச்சத்தை அரை மணி நேரத்துல உறிஞ்சி எடுங்க.

30 நாள் கழிச்சு மெயின் டேங்க்ல விடுறப்ப அந்தப் பழக்கப் பெட்டியை மறக்காதீங்க. செயில்ஃபின் உள்ளே இருக்கு, வாலாலே வெட்டும். பெட்டிக்குள்ள 5, 7 நாள். செயில்ஃபின் அந்தப் பெட்டிப் பக்கம் போய் வால் தூக்கிக் காட்டுறது நின்னப்புறம், விளக்கு அணைஞ்சதும் திறங்க. அப்பவும் துரத்தினா தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்குற கண்ணாடியை ஒட்டி வைங்க, சண்டை அந்தப் பக்கம் போகும். 450 லிட்டர்ல இரண்டு பெரிய டாங் கடைசி வரைக்கும் ஒத்துப் போகுமான்னு எனக்குச் சந்தேகம்தான். பவுடர் ப்ளூ 23 செ.மீ. வரை வளரும், செயில்ஃபின் அதை விடப் பெரிசு.

சொட்டுக்குழாய்
இதைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். ஆர்டரை ரத்து பண்ண இன்னும் நேரம் இருந்தா, செயில்ஃபினுக்கு வேற வீடு பார்த்துட்டு அப்புறம் மீனை வரவழைங்க.