மறு: பழைய சிக்கன சிந்தசைசரைப் புதிதாகச் செய்தால் அதற்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

சிந்தசைசர் என்பது மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் கருவி. பழைய சிந்தசைசர் ஒன்றை இன்று புதிதாகச் செய்தால் அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்று பாம்பன் தம்பி தொடங்கிய இழையில் இதுவரை நகல், போலி, மறுபதிப்பு, மீட்டுருவாக்கம், மறுவார்ப்பு என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் இருக்கிறார்கள். நான் மண்டபத்தில் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு பழுது பார்க்கிறவன். திருவிழாக் காலத்தில் தங்கச்சிமடம் முதல் தொண்டி வரை கச்சேரிக் குழுக்களின் பெட்டிகள் என் மேசைக்கு வந்து போகும். அதனால் சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் திறந்து காட்டிவிடுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வாதம் தானாகத் தீரும்.

ரோலண்ட் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த எஸ்.எச்-101ஐ எடுத்துக்கொள்வோம். 32 கட்டை, பிளாஸ்டிக் உடம்பு. பேட்டரியில் ஓடும், வாரைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். 1970இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் மூன்று ஆசிலேட்டர், அதாவது ஒலியலையைப் பிறப்பிக்கும் பகுதி. இதில் ஒன்றே ஒன்று, அதற்குக் கீழ் ஸ்தாயியில் கூடவே ஒலிக்கும் துணை ஆசிலேட்டர் ஒன்று. இங்கிலாந்தில் 1978இல் வந்த வாஸ்ப் சிக்கனத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் அழுத்தினால் இறங்கும் கட்டையே கிடையாது. தட்டையான பலகையில் விரல் பட்டால் ஒலிக்கும். விலை 200 பவுண்டுக்கும் குறைவு. கையில் காசில்லாத பையன்கள் வாங்கட்டும் என்று செய்த கருவிகள் இவை. ‘மலிவு’ என்று எழுத வேண்டாம் என்று தேவிபட்டினம் அக்கா சொன்னது சரி. எதை விட்டால் ஒலி கெடாது என்று பார்த்துப் பார்த்து விட்டிருக்கிறார்கள். அதற்குச் சிக்கனம் என்றுதான் பெயர். ‘சிக்கன வகை’ என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது அவை திரும்பி வந்திருக்கின்றன. கோர்க் தன்னுடைய 1978ஆம் வருட எம்.எஸ்-20ஐ 2013இல், அசலில் 86 விழுக்காடு அளவில், ‘மினி’ என்று கொண்டுவந்தது. பெரிங்கர் என்ற நிறுவனம் 101, வாஸ்ப், ரோலண்டின் டி.பி-303 ஆகியவற்றின் வழியில் வரிசையாகப் பெட்டிகளை இறக்கியது. இது நடந்ததற்கு ஒரு முக்கியமான காரணம் சிப். 101இன் ஆசிலேட்டர், சி.இ.எம். 3340 என்ற ஒரே சிப்பில் அடங்கியது. நின்றுபோயிருந்த அந்தச் சிப்பைக் கர்டிஸ் நிறுவனமே 2016இல் மறுபடி செய்யத் தொடங்கியது. அதற்கு இணையாக வேலை செய்யும் சிப்பை வேறு சிலரும் செய்கிறார்கள். சிப் கிடைத்தால் மின்சுற்று கிடைக்கும், சுற்று கிடைத்தால் கருவி கிடைக்கும்.

சென்ற மாதம் 101 வகைப் புதுப்பெட்டி ஒன்று பழுதுக்கு வந்தது. ஒலியை வடிகட்டி அதன் குணத்தை மாற்றும் ஃபில்டரின் சிலைடரைத் தள்ளினால் கரகரவென்று சத்தம். திறந்தால் பலகை முழுக்கக் கண்ணுக்குப் பிடிபடாத அளவில் மேற்பரப்பில் ஒட்டிய உதிரிகள். பழைய பெட்டியாக இருந்திருந்தால் கால் நீண்ட ரெசிஸ்டர்கள். சிலைடரின் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கடற்கரையில் கச்சேரி வைத்தால் உப்புக் காற்று எந்த வருடத்துப் பெட்டி என்று பார்க்காது. ஐசோபுரொப்பைல் போட்டுத் துடைத்து, காண்டாக்ட் ஸ்பிரே அடித்து மூடினேன். அப்புறம் சுருதி பார்க்க ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனில் ட்யூனரைத் திறந்தேன். பெட்டி சூடேற ஏற, சில நிமிடம் முள் மெல்ல நகர்ந்து, பிறகு ஓரிடத்தில் நின்றது.

அந்த நகர்வைத்தான் குழு கவனிக்க வேண்டும் என்கிறேன். இதில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அந்தக் கணக்கை டிரான்சிஸ்டர்தான் போடுகிறது. டிரான்சிஸ்டரின் குணம் வெப்பத்துக்கு மாறும். அதைச் சரிக்கட்டும் ஏற்பாடு சிப்புக்குள்ளேயே இருந்தாலும், சூடேறும் வரை கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கத்தான் செய்யும். புதுப்பெட்டி தள்ளாடியது என்றால் அதற்குள் ஓடுவது பழையது போன்ற அனலாக் சுற்றுதான், அதாவது கணினிக் கணக்கு இல்லாமல் மின்னோட்டமே நேராக ஒலியாகும் சுற்று. 2017இல் ரோலண்டே விட்ட எஸ்.எச்-01ஏ அப்படியில்லை. அது பழைய சுற்றின் நடத்தையைக் கணக்காக எழுதி, டிஜிட்டல் சிப்பில் ஓட்டி ஒலியை வரவழைக்கிறது. நன்றாகவே ஒலிக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குகிற பிள்ளைக்கு எது எதுவென்று தெரியாது. நம் சொல் முதலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

இனி சொற்களுக்கு வருவோம்.

> இலக்கணத்தில் போலி இழிவான சொல் இல்லையே. ஐந்து என்பது அஞ்சு ஆனால் முற்றுப்போலி, பொருள் மாறவில்லை. இதுவும் அதுபோலத்தானே?

மதுரை ஐயா, இலக்கணப்படி நீங்கள் சொல்வது அழகான பொருத்தம். ஆனால் இராமநாதபுரம் பஜாரில் ஒரு கருவியைக் காட்டிப் போலி என்றால், கடைக்காரர் சண்டைக்கு வருவார். அந்தச் சொல் நம் கையை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது. நகல் என்றால் ஜெராக்ஸ் நினைவுதான் வருகிறது, அதையும் விட்டுவிடலாம். மீட்டுருவாக்கம் கோயில் சுவரில் சிதைந்த ஓவியத்துக்குப் பொருந்தும். மறுபதிப்பை நான் மறுக்கவில்லை, ஆனால் அது செய்தவரே திரும்பச் செய்வதற்கு மட்டும் இருக்கட்டும். பழைய பொறியாளர்களையே வைத்துக் கோர்க் செய்த எம்.எஸ்-20 மினி மறுபதிப்பு. பெரிங்கர் செய்த 101 எப்படி மறுபதிப்பாகும்?

மிஞ்சுவது தம்பியின் மறுவார்ப்பு. எனக்குப் பிடித்ததும் அதுதான். நம் கரையில் மரத்தில் கட்டிய வள்ளம் இருந்தது. பிறகு அச்சில் ஊற்றிய ஃபைபர் வந்தது. கரையில் யாரும் புதுப்பெயர் தேடி அலையவில்லை, ‘ஃபைபர் வள்ளம்’ என்றார்கள். எது நிலைத்ததோ அது பெயரில் நின்றது, எது மாறியதோ அது முன்னால் ஒட்டிக்கொண்டது. வார்ப்பு என்பதில் அந்த நேர்மை இருக்கிறது. ஆனால் ‘மறு’ என்பதற்கு ‘திரும்பவும்’ என்பதற்கு மேல் பொருளில்லை. முதலில் செய்தவருக்கும் பின்னால் செய்தவருக்கும் என்ன உறவு என்பதை அது சொல்லவில்லை.

அந்த உறவுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். முன்னோர் நூலின் முடிவோடு முழுக்க ஒத்து, பின்னால் வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்து, மரபு அழியாமல் செய்வது வழிநூல். இதை அப்படியே 101க்குப் பொருத்திப் பாருங்கள். சுற்று முன்னோருடையது, ஒத்துப்போகிறது. பின்னோர் வேண்டிய வேறுபாடு என்ன? மிடி (இசைக்கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் இணைப்பு), யு.எஸ்.பி. மிடி வந்ததே 1983இல்தான், அசல் 101இல் அது கிடையாது. மரபு அழிந்ததா? இல்லை. ஆகவே வழிவார்ப்பு.

சார்பு நூலுக்கும் இடம் இருக்கிறது. அது ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபடும். 2010இல் கோர்க் விட்ட மோனோட்ரான் என்ற கையடக்கப் பெட்டியில் எம்.எஸ்-20இன் ஃபில்டர் மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் வேறு. அது சார்புவார்ப்பு. அசல் முதல்வார்ப்பு. டிஜிட்டலாகக் கணக்குப் போட்டு ஒலிக்கும் எஸ்.எச்-01ஏ போன்றவை வார்ப்பிலேயே சேராது. அவற்றுக்குப் ‘பாவனை’ போதும்.

‘வழிக்கருவி’ என்றே வைக்கலாமே என்று கீழக்கரை நண்பர் தனிமடலில் கேட்டார். பாம்பன் பாலத்துக்குக் கீழே நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், விசைப்படகில் இருக்கிற ஜிபிஎஸ் பெட்டியைத்தான் காட்டுவார்கள். வார்ப்பு சேர்ந்தால் அந்தக் குழப்பம் இல்லை. அடுத்து வருவது வகரம் என்பதால் ஒற்று மிகுமா மிகாதா என்ற பேச்சும் எழாது.

> இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு. நமக்கு எதற்கு இத்தனை சொல்?

இந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். டி.பி-303 கிதார்காரருக்கு பேஸ் வாசிக்கத் துணையாக வந்த பெட்டி. எடுபடாமல் 1984இல் நின்றுபோனது. பிற்பாடு சிகாகோ இளைஞர்கள் அதன் ஃபில்டரைத் திருகித் திருகி ஒரு நடன இசையையே உண்டாக்கினார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால், 1982இலேயே, மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரைப்பட இசைக் கலைஞர் அதே 303ஐயும் டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டியையும் வைத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டு போட்டுவிட்டார். ஒரே சுரம் ஒலிக்கும் கருவியில், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. கமகம் தெரிந்த காதுக்கு அது எவ்வளவு பெரிய வசதி! தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது வழிவார்ப்பு 303இல் மோகனத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் என்னிடம் பேசும்போது இந்தப் பெட்டிக்குச் சொல் இல்லாமல் ‘அந்த டூப்ளிகேட்டு’ என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

சொல்தொகுப்பில் சேர்க்க வேண்டிய பதிவைக் கீழே எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் இதே இழையில் போடுங்கள்.

வழிவார்ப்பு: வேறொருவர் முன்பு செய்த அனலாக் கருவியின் சுற்றைப் பின்பற்றி, இன்றைய உதிரிகளாலும் இன்றைய இணைப்பு வசதிகளோடும் செய்த கருவி. எ-டு: பெரிங்கரின் டி.டி-3, டி.பி-303இன் வழிவார்ப்பு.

‘சுற்று’ என்ற சொல்லை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம். தேவிபட்டினம் அக்கா, பாவனைக்கு இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். அந்த ஒன்றை மட்டும் நான் இன்னும் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து